ரூவான் அருங்காட்சியகத்து மாவோரித் தலை: ஒரு நிகழ்வு ஆய்வு

பிரான்சின் வடமேற்கில், செய்ன் ஆற்றங்கரையில் உள்ள ரூவான் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், பச்சை செதுக்கிய முகத்தோடு பதப்படுத்தப்பட்ட, நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி மனிதர் ஒருவரின் தலை 1875 முதல் 2011 வரை இருந்தது. அவர் பெயர் என்ன, எந்தக் குலத்தவர், எப்படி இறந்தார் என்பது அருங்காட்சியகத்தின் ஏடுகளில் எங்கும் இல்லை. 2007 அக்டோபரில் அந்தத் தலையை நியூசிலாந்துக்குத் திருப்பித் தர நகர்மன்றம் முடிவெடுத்தது. முடிவு எடுத்த நாளிலிருந்து அது நிறைவேறிய நாள்வரை மூன்றரை ஆண்டுகள் ஆயின. அந்த மூன்றரை ஆண்டுகளில் நடந்தவற்றையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நகராட்சி, அருங்காட்சியகம், அமைச்சகம் ஆகியவற்றில் இருந்தவர்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

தொடங்குமுன் மொழி குறித்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் எழுதுபவருக்கு இந்த நிகழ்வில் முதல் வரியிலேயே ஒரு தயக்கம் வருகிறது: 'அது' என்று எழுதுவதா, 'அவர்' என்று எழுதுவதா? இலக்கணப்படி தலை அஃறிணை. ஆனால் சாவு வீட்டில் நாம் யாரும் அப்படிப் பேசுவதில்லை, "அப்பாவை எப்போது எடுக்கிறீர்கள்?" என்றுதான் கேட்கிறோம். ரூவானில் நடந்த வழக்கின் உள்ளிருந்த கேள்வியும் ஏறக்குறைய இதுதான். ஆகவே பதிவேடும் நீதிமன்றமும் பொருளாகக் கருதிய காலம்வரை 'அது' என்றும், ஒப்படைப்புக்குப் பிறகு 'அவர்' என்றும் எழுதுகிறேன்.

பின்னணி: ஒரு தலை எப்படிச் சரக்காயிற்று

மாவோரி மக்களின் பச்சைக்கு 'மோகோ' என்று பெயர். நம் ஊர்களில் ஊசியால் குத்துவதுபோல அது குத்தப்படுவதில்லை. கடற்பறவை எலும்பில் செய்த சிற்றுளியைத் தோலின்மேல் வைத்து, சிறு கட்டையால் தட்டித் தட்டி, கோடுகளை வெட்டி எடுத்து, அவற்றில் கரிச்சாந்தை ஏற்றுவார்கள். புண் ஆறிய பிறகு முகத்தைத் தடவினால் பள்ளமும் மேடும் விரலுக்குத் தட்டுப்படும். அந்தக் கோடுகளில் அவர் பிறந்த வழி, தகுதி, செய்த செயல்கள் எல்லாம் அடங்கியிருந்தன. ஒருவருடைய மோகோ இன்னொருவருக்கு வராது.

உயர்ந்த நிலையில் இருந்தவர் இறந்தால், சில சமயங்களில் அவர் தலையை உறவினர் பதப்படுத்தி வைத்துக்கொண்டனர். மூளையையும் கண்களையும் நீக்கி, துளைகளை நாராலும் பிசினாலும் அடைத்து, ஆவியில் வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் பல நாள் உலர்த்தி, சுறா எண்ணெய் பூசுவார்கள். இப்படிப் பதப்படுத்திய தலைக்குத் 'தோய் மோகோ' என்று பெயர். குடும்பம் அதை வேலைப்பாடமைந்த பெட்டியில் வைத்திருந்து, சடங்கு நாட்களில் வெளியே எடுத்து அழும். போரில் கொன்ற பகைத் தலைவரின் தலையையும் பதப்படுத்துவதுண்டு, அது இழிவுபடுத்துவதற்காக. ஆனால் பின்னாளில் சமாதானம் பேசும்போது அந்தத் தலைகளைத் திருப்பிக் கொடுப்பது உடன்பாட்டின் பகுதியாகவும் இருந்தது. திருப்பிக் கொடுத்தல் என்ற எண்ணம் இந்த வரலாற்றுக்கு வெளியிலிருந்து வந்த நவீன அரசியல் கோரிக்கை என்று ஐரோப்பாவில் சிலர் பேசியதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஐரோப்பியர் ஒருவர் இத்தகைய தலையைப் பெற்ற முதல் நிகழ்வு நாள் குறித்து எழுதப்பட்டிருக்கிறது. கேப்டன் குக்கின் முதல் பயணத்தில் உடன் சென்ற இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ், 1770 ஜனவரி 20 அன்று, குயின் சார்லட் சவுண்ட் என்று அவர்கள் பெயரிட்ட கடற்கழிப் பகுதியில், படகில் வந்த ஒரு முதியவரிடம் இருந்து ஒரு தலையை வாங்கினார். விலை, பழைய வெள்ளைத் துணி உள்ளாடை ஒன்று. துணியை வாங்கிக்கொண்ட முதியவர் தலையைக் கொடுக்க மறுத்தபோது பேங்க்ஸ் துப்பாக்கியைக் காட்டி அதைப் பெற்றார். இதை அவரே தம் குறிப்பேட்டில் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். இந்தப் பண்டமாற்றை 'விற்பனை' என்று ஏடுகளில் எழுதுவது எளிது. ஆனால் அந்த முதியவர் மனமுவந்து கொடுக்கவில்லை.

அடுத்த அறுபது ஆண்டுகளில் நிலைமை இதைவிட மோசமானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில மாவோரிக் குலங்களின் கைக்குத் துப்பாக்கி வந்தது. துப்பாக்கி இல்லாத குலம் அழிவை எதிர்நோக்கியது. அதை வாங்க உள்நாட்டுச் செடி ஒன்றின் நாரும் உணவுப்பொருளும் கொடுத்தார்கள். கப்பல்காரர்கள் தலைகளையும் விரும்பிக் கேட்டார்கள். தேவை பெருகியபோது, போரில் பிடிபட்டவர்களுக்கும் அடிமைகளுக்கும் முகத்தில் அவசரமாக மோகோ செதுக்கி, விற்பனைக்காகவே கொன்றதும் நடந்தது. இறந்தபின் பச்சை செதுக்கப்பட்ட தலைகளும் சந்தைக்கு வந்தன. உயிருள்ள தோலில் வெட்டிய கோடு ஆறி விளிம்பு மழுங்கும்; இறந்தபின் வெட்டியது ஆறாமல் கூர்மையாகவே நிற்கும். தலையைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியும். இந்த விவரத்தால் ஒரு கடினமான உண்மை புலப்படுகிறது: முகத்தில் உள்ள கோடுகளை மட்டும் வைத்து அந்த மனிதரின் குலத்தை எல்லா வேளையிலும் சொல்லிவிட முடியாது. செதுக்கிய கை அவர் குலத்தைச் சேர்ந்ததாகவே இல்லாமல் இருக்கலாம்.

1831 ஏப்ரல் 16 அன்று நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ரால்ஃப் டார்லிங், நியூசிலாந்திலிருந்து தலைகளைக் கொண்டுவருவதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். அதன்பின் வணிகம் தளர்ந்தது. ஆனால் ஏற்கெனவே கடல் கடந்துவிட்ட தலைகள் கப்பல் தலைவர், மருத்துவர், தனியார் சேகரிப்பாளர், அருங்காட்சியகம் என்று கைமாறிக்கொண்டே இருந்தன. 1860-களில் நியூசிலாந்தில் பணியாற்றிய ஹொரேஷியோ ராப்ளி என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ஒருவரே முப்பதுக்கு மேற்பட்ட தலைகளைச் சேர்த்தார். அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு நியூசிலாந்து அரசிடம் கேட்டும் அது மறுத்துவிட்டது. பெரும்பகுதியை நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

ரூவானுக்கு வந்த விதம்

ரூவான் அருங்காட்சியகம் 1834-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மாவோரித் தலை 1875-இல் அங்கே வந்தது. பாரிஸைச் சேர்ந்த துருவே என்பவர் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பதோடு பதிவு நின்றுவிடுகிறது. அவருக்கு அது எங்கே கிடைத்தது, எந்தக் கப்பலில் வந்தது, என்ன கொடுத்து வாங்கினார் என்று ஒரு சொல் இல்லை.

இந்தக் குறைபாட்டை எழுத்தரின் கவனக்குறைவு என்று கடந்துவிட எனக்கு மனமில்லை. மனிதர்களை இனங்களாக வகுத்து, அந்த இனங்களை ஏணிப்படிபோல அடுக்கிக்காட்டும் முயற்சி ஐரோப்பிய அறிவுலகில் மும்முரமாக இருந்த காலம் அது. ஒரு வகைமாதிரிக்குப் பெயர் தேவையில்லை. கொடுத்தவருக்குத்தான் பெயர் தேவை. அதனால்தான் ஏட்டில் அன்பளிப்பாளரின் பெயர் இருக்கிறது, இறந்தவரின் பெயர் இல்லை.

கவனிக்கப்பட்டவை, 2006–2007

அருங்காட்சியகம் 1996-இல் மூடப்பட்டு, ஏறத்தாழ பத்தாண்டுகள் பூட்டியே கிடந்து, 2007-இல் மீண்டும் திறக்கப்பட்டது. திறப்புக்கு முந்தைய இருப்புச் சரிபார்ப்பின்போது, இந்தத் தலை புதிய பொறுப்பாளரின் பார்வைக்கு வந்தது. அவர் முன் மூன்று வழிகள் இருந்தன: மீண்டும் காட்சிக்கு வைப்பது, பேசாமல் சேமிப்பறையிலேயே விட்டுவிடுவது, உரியவர்களிடம் சொல்வது.

முதல் வழியை அருங்காட்சியகம் உடனே விலக்கியது. உலக அருங்காட்சியகப் பேரவையின் நெறிமுறைகள், மனித எச்சங்களை அவை தோன்றிய சமூகத்தின் நலனுக்கும் நம்பிக்கைக்கும் இசைந்த மரியாதையோடு மட்டுமே கையாள வேண்டும் என்கின்றன. நடைமுறையில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வழியை. சேமிப்பறையில் இருக்கும்வரை யாரும் கேள்வி கேட்பதில்லை. ரூவான் அதையும் ஏற்காமல், மூன்றாவது வழியைத் தேர்ந்து, வெலிங்டனில் உள்ள நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான தே பாப்பாவுக்குத் தகவல் கொடுத்தது. நியூசிலாந்து அரசின் பொறுப்பளிப்பின்படி 2003 முதல் தே பாப்பா, வெளிநாடுகளில் உள்ள மாவோரி முன்னோர், நியூசிலாந்தைச் சேர்ந்த சாத்தம் தீவுகளின் பூர்வகுடியான மொரியோரி முன்னோர் ஆகியோரின் எச்சங்களைத் தாயகம் கொண்டுவரும் திட்டத்தை நடத்திவருகிறது. பிரிட்டனில் உள்ள சில அருங்காட்சியகங்கள் அதற்குள் பல எச்சங்களை ஒப்படைத்திருந்தன. பிரான்சிலிருந்து ஒரு மாவோரித் தலையும் திரும்பியிருக்கவில்லை.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

2007 அக்டோபர் 19 அன்று ரூவான் நகர்மன்றம் தலையை நியூசிலாந்துக்குத் திருப்பித் தரத் தீர்மானம் நிறைவேற்றியது. காலனியக் காலத்தில் நடந்த இழிவான வணிகத்துக்குத் தன்னால் இயன்ற பரிகாரம் என்பது அறம் சார்ந்த காரணம். சட்டம் சார்ந்த காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்; பின்னால் வந்த சிக்கல் முழுவதும் அதிலிருந்துதான் முளைத்தது.

பிரெஞ்சுச் சட்டப்படி, அரசு அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ள பொருள் பொதுச்சொத்து. அதை விற்கவோ கொடுக்கவோ முடியாது. கொடுக்க வேண்டுமானால் முதலில் அதைச் சேகரிப்பிலிருந்து நீக்க வேண்டும். நீக்குவதற்குத் தேசிய அளவிலான அறிவியல் ஆணையம் ஒன்றின் ஒப்புதல் வேண்டும். நகராட்சி இந்த வழியில் போகவில்லை. அது குடிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவைப் பற்றிக்கொண்டது. மனித உடலும் அதன் உறுப்புகளும் சொத்துரிமைக்குப் பொருளாகா என்கிறது அந்தப் பிரிவு. ஆகவே தலை எந்நாளும் நகராட்சியின் சொத்தாக இருந்ததே இல்லை. சொத்தே இல்லாத ஒன்றைச் சேகரிப்பிலிருந்து நீக்குவது என்ற பேச்சுக்கு இடமில்லை. நீக்க வேண்டாத ஒன்றுக்கு ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டாம். இதுவே நகராட்சியின் தர்க்கம்.

தர்க்கமாக இது நேர்த்தியானது. அறமாகவும் சரியானது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் 'நாங்கள் பெருந்தன்மையோடு கொடுக்கிறோம்' என்று சொல்லாமல், 'இது எங்களுடையதாக இருந்ததே இல்லை' என்று சொல்கிறது. கொடுப்பவர் கை மேலும் வாங்குபவர் கை கீழுமாக இருக்கும் நிலையை அது நீக்குகிறது. ஆனால் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு தானம், மருத்துவ ஆய்வு போன்றவற்றை ஒழுங்குபடுத்துவதற்காக இயற்றப்பட்டது. நூற்றாண்டுக்கு முன் அருங்காட்சியகத்துக்குள் வந்த எச்சத்துக்கு அது பொருந்துமா என்பதை அதுவரை எந்த நீதிமன்றமும் தீர்த்துவைத்திருக்கவில்லை. அந்த ஐயம் தீராமலே ஒப்படைப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

எதிர்ப்பும் வழக்கும், 2007–2008

அக்டோபர் 23 அன்று நியூசிலாந்துத் தூதர் வந்திருக்க, நகர மண்டபத்தில் விழா நடந்தது. ஆனால் தலை நாட்டை விட்டுப் போகவில்லை. பண்பாட்டு அமைச்சகம் குறுக்கிட்டது. மாவட்டத்தின் அரசுப் பிரதிநிதி நிர்வாக நீதிமன்றத்தை நாடினார். தீர்மானம் உடனடியாக நிறுத்திவைக்கப்பட்டது. விழாவுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். முன்னோரை அழைத்துப் போக மனத்தளவில் ஆயத்தமான ஒரு சமூகத்துக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்பதை நடைமுறைப் பிழை என்ற சொல்லால் அளந்துவிட முடியாது. பாடையைத் தூக்கிய பிறகு இறக்கி வைக்கச் சொல்வது போன்றது அது.

அமைச்சகம் சொன்ன காரணம், சட்டம் கோரும் அறிவியல் ஆணையத்தின் கருத்தை நகராட்சி பெறவில்லை என்பது. அதற்குப் பின்னால் ஓர் அச்சமும் இருந்தது. ஒரு தலை போனால், எகிப்திய மம்மிகள் முதல் தேவாலயங்களில் உள்ள புனித எலும்புகள் வரை எல்லாவற்றுக்கும் கோரிக்கை வருமே என்று அருங்காட்சியக வட்டாரங்களில் வெளிப்படையாகவே பேசினார்கள். இந்த அச்சத்தை நான் முழுவதும் ஒதுக்கவில்லை. பொதுச்சேகரிப்பை ஒவ்வொரு நகர்மன்றமும் தன் விருப்பப்படி கலைக்க முடியும் என்றால், நாளை வேறு நோக்கம் கொண்ட நகர்மன்றம் ஓவியங்களை விற்றுப் பள்ளம் நிரப்பலாம். அந்தக் கதவுக்குப் பூட்டு தேவைதான். ஆனால் ஓவியத்துக்குப் போட்ட பூட்டை மனிதர்மேலும் போட்டதுதான் இங்கே நடந்தது.

2007 டிசம்பர் 27 அன்று ரூவான் நிர்வாக நீதிமன்றம் நகர்மன்றத் தீர்மானத்தை ரத்துசெய்தது. அடுத்த மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல் வந்து, வேறு கட்சியைச் சேர்ந்தவர் மேயரானார். முந்தைய நிர்வாகத்தின் தோல்வி என்று இந்த வழக்கை அவர் கைகழுவியிருக்கலாம்; ஆனால் நகரத்தின் நிலைப்பாடு மாறவில்லை. 2008 ஜூலை 24 அன்று துவே நகரில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மனித உடல் குறித்த குடிமைச் சட்டப் பிரிவு, எச்சங்கள் அருங்காட்சியகப் பொதுச்சொத்தாக இருப்பதைத் தடுக்கவில்லை. சேகரிப்பிலிருந்து நீக்கும் முறையைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

வேறு சொற்களில் சொன்னால், சட்டத்தின் பார்வையில் அந்தத் தலை இன்னும் அஃறிணைதான்.

சட்டத்தின் வழி, 2008–2010

நீதிமன்ற வழி அடைபடுவதற்கு முன்பே வேறொரு வழி திறக்கப்பட்டிருந்தது. ரூவானைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தின் செனட் உறுப்பினர் ஒருவர், அந்நகரத்தின் பண்பாட்டுத் துறைத் துணைமேயராகவும் இருந்தவர், 2008 பிப்ரவரியில் தனி மசோதா கொண்டுவந்தார். முன்னுதாரணம் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மனின் எச்சங்களைப் பாரிஸ் அருங்காட்சியகம் 1974 வரை காட்சிக்கு வைத்திருந்தது. அவரைத் தாயகம் அனுப்ப 2002 மார்ச்சில் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

ரூவான் மசோதாவில் எடுத்த மிக முக்கியமான முடிவு, அதை ஒரு தலைக்கு மட்டும் என்று எழுதாமல், பிரான்சின் அருங்காட்சியகங்களில் உள்ள எல்லா மாவோரித் தலைகளுக்கும் பொருந்துமாறு எழுதியது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு நகர்மன்றம், ஒரு வழக்கு, ஒரு சட்டம் என்று போனால் தலைமுறைகள் ஆகும் என்பது காரணம். அதே மசோதா அறிவியல் ஆணையத்தைத் திருத்தியமைத்து, சேகரிப்பிலிருந்து நீக்குவதற்கான நெறிகளை வகுக்கும் பொறுப்பையும் அதற்குக் கொடுத்தது. எதிர்த்தவர்களின் நியாயமான அச்சத்துக்கும் அதில் பதில் இருந்தது.

செனட் 2009 ஜூன் 29 அன்று மசோதாவை ஏற்றது. அதற்குள் பண்பாட்டு அமைச்சர் மாறியிருந்தார், புதியவர் ஆதரித்தார். தேசியப் பேரவை 2010 மே 4 அன்று, 457 வாக்குகள் ஆதரவாகவும் 8 எதிராகவும், நிறைவேற்றியது. மே 18 அன்று சட்டமானது. பிரெஞ்சு அருங்காட்சியகங்களில் உள்ள மாவோரித் தலைகள், நியூசிலாந்துக்கு ஒப்படைக்கப்படும் பொருட்டு, சேகரிப்பின் பகுதியாக இருப்பது முடிவுக்கு வருகிறது என்று அச்சட்டம் கூறியது.

ஒப்படைப்பு, 2011 மே 9

சட்டம் வந்து ஓராண்டு கழித்து, ரூவான் நகர மண்டபத்தில் இரண்டாவது முறையாக விழா நடந்தது. இம்முறை மாவோரிப் பெரியோர் முன்னின்று நடத்தினார்கள். பிரார்த்தனையும் பாடலும் அவர்கள் மொழியில் ஒலித்தன. இறந்தவரை அழைத்துப் பேசுவது மாவோரி மரபு. அவரிடம் நேராகப் பேசுவார்கள், அவரைப் பற்றி மூன்றாமவரிடம் பேசுவதில்லை. நம் ஒப்பாரியிலும் "என்னைப் பெற்ற ராசாவே" என்று இறந்தவரை நோக்கித்தான் சொல்கிறோம். அந்த மண்டபத்தில் பல நூறு சொற்பொழிவுகள் நடந்திருக்கும். ரூவானில் 136 ஆண்டுகள் இருந்த அந்த மனிதரை நோக்கி, அவர் புரிந்துகொள்ளக்கூடிய மொழியில், சொந்தச் சனம் பேசியது அங்கே அதுவே முதல் தடவை.

அவர் அந்த மாதத்திலேயே வெலிங்டன் சென்று சேர்ந்தார். தே பாப்பாவில் வரவேற்புச் சடங்குக்குப் பிறகு, இறந்தோருக்கென ஒதுக்கப்பட்ட புனித அறையில் அவரை வைத்தார்கள். அங்கே இருப்பவர்களைக் காட்சிக்கு வைப்பதில்லை. அறையிலிருந்து வெளியே வருபவர் தண்ணீரால் தூய்மைப்படுத்திக்கொள்வது மாவோரி வழக்கம். இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழையும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொடர்ந்து நடந்தவை

2012 ஜனவரி 23 அன்று, பாரிஸில் உள்ள கே பிரான்லி அருங்காட்சியகத்தில் நடந்த விழாவில், அந்த அருங்காட்சியகத்திலும் பிரான்சின் வேறு பல நகர அருங்காட்சியகங்களிலும் இருந்த 20 பேர் ஒப்படைக்கப்பட்டனர். மசோதா விவாதத்தில் இருந்த நாட்களில் பிரான்சில் மொத்தம் 15 அல்லது 16 தலைகள் இருக்கும் என்றுதான் பேசப்பட்டது. ரூவானையும் சேர்த்தால் திரும்பியவர்கள் 21 பேர். எத்தனை பேரை வைத்திருக்கிறோம் என்பதே தேடிப் பார்க்கும்வரை அந்த நாட்டுக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை மிகவும் உறுத்துவது இந்த எண்ணிக்கை வேறுபாடுதான்.

2014 டிசம்பரில் நியூயார்க் அருங்காட்சியகம் 35 மாவோரித் தலைகள் உள்ளிட்ட 107 முன்னோரின் எச்சங்களைத் தே பாப்பாவிடம் ஒப்படைத்தது. ராப்ளி சேர்த்து, நியூசிலாந்து அரசு ஒருகாலத்தில் வேண்டாம் என்ற தலைகள் இவ்வாறு ஒரு நூற்றாண்டுக்குப் பின் திரும்பின. அந்த மறுப்பு வெள்ளையர் அரசின் மறுப்பு, மாவோரிகளைக் கேட்டு எடுத்த முடிவன்று என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

பிரான்சில் 2023 டிசம்பர் 26 அன்று பொதுச்சட்டம் ஒன்று வந்தது. வெளிநாட்டு அரசு கோரினால், இறுதிச்சடங்குக்காக, 1500-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய மனித எச்சங்களைத் தனிச்சட்டம் இன்றியே திருப்பித் தர அது வழிசெய்கிறது. அதன்படி 2025 ஆகஸ்டில் மடகாஸ்கரின் சக்கலாவா மக்களைச் சேர்ந்த மூவரின் மண்டையோடுகள் ஒப்படைக்கப்பட்டன. 1897-இல் பிரெஞ்சுப் படையால் கொல்லப்பட்ட அரசர் தோய்ராவுடையது என்று கருதப்படுவது அவற்றில் ஒன்று.

மாறியிருக்க வேண்டியவை

நகராட்சி முதலில் அறிவியல் ஆணையத்திடம் கேட்டிருக்க வேண்டும். ஆணையம் மறுத்திருக்கக்கூடும், தாமதித்திருக்கக்கூடும். ஆனாலும் 2007 அக்டோபரில் பூட்டிய கதவின்முன் மாவோரிகளை நிறுத்தியதைத் தவிர்த்திருக்கலாம். உரிமை தெளிவாகும் முன் விழாவுக்கு நாள் குறிப்பது, திருப்பித் தருபவரின் ஆர்வத்தைத் திரும்பப் பெறுபவரின் துக்கத்துக்கு முன்னால் வைப்பதாகும். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதாலேயே இந்தப் பிழையைச் சொல்லாமல் விடக்கூடாது. வழக்கில் தோற்றதால்தான் 21 பேரும் திரும்ப முடிந்தது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். விளைவு அப்படித்தான் அமைந்தது. ஆனால் அமைச்சகம் முதல் நாளிலேயே தன் சேகரிப்புகளைத் தேடச் சொல்லியிருந்தாலும் அதே விளைவு வந்திருக்கும், முன்னதாகவே வந்திருக்கும்.

அமைச்சகத்தின் தரப்பில் மாறியிருக்க வேண்டியது, கேள்வியைக் கேட்ட விதம். 'இந்தப் பொருளைச் சேகரிப்பிலிருந்து நீக்கலாமா' என்று தொடங்கியதால், அறிவியல் மதிப்பு, முன்னுதாரணம், ஆணையம் என்றே பேச்சு சுற்றிவந்தது. 'இவரைப் பற்றி நாம் யாரிடம் சொல்ல வேண்டும்' என்று தொடங்கியிருந்தால் முதல் கடிதமே வெலிங்டனுக்குப் போயிருக்கும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தக் குறை முழுதும் நீங்கவில்லை. கோரிக்கை வெளிநாட்டு அரசிடமிருந்து வர வேண்டும் என்று அது கேட்கிறது. 1892-இல் பாரிஸ் பூங்காவில் காட்சிக்கு நிறுத்தப்பட்டு அங்கேயே இறந்த கலினா மக்கள் பிரெஞ்சு கயானாவைச் சேர்ந்தவர்கள். அது பிரான்சின் பகுதி, வெளிநாடன்று. ஆகவே அவர்களின் உறவினருக்காகக் கோர, அச்சட்டம் ஏற்கும் அரசு எதுவும் இல்லை.

அருங்காட்சியகங்களின் தரப்பில் மாற வேண்டியது பதிவேடு. மனித எச்சம் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் கோரிக்கை வரும்வரை காத்திராமல், தன்னிடம் யார் யார் இருக்கிறார்கள், எப்போது, யார் வழியாக வந்தார்கள், என்ன தெரியவில்லை என்பதை எழுதி வெளியிட வேண்டும். தெரியவில்லை என்பதையும் எழுத வேண்டும். தே பாப்பாவின் ஆய்வாளர்கள் கப்பல் ஏடுகள், அன்பளிப்பாளர்களின் கடிதங்கள், ஏலப் பட்டியல்கள் ஆகியவற்றை ஒப்பிட்டே ஒருவரின் ஊரையும் குலத்தையும் தேடுகிறார்கள். தெரியவந்தால் அந்தக் குலம் வந்து அவரை அழைத்துப்போய்த் தன் மண்ணில் அடக்கம் செய்யும். தெரியாதவர்கள் வெலிங்டனில் அந்த அறையில் தங்குகிறார்கள். ரூவானிலிருந்து வந்தவரைப் பற்றித் தேடத் தொடங்குபவர் கையில், 1875 என்ற ஆண்டும், அவருக்கு உறவில்லாத ஒரு பாரிஸ்காரரின் குடும்பப் பெயரும் மட்டுமே இருந்தன.